ஆர்க்கேட்டில் கிராஃபிக்ஸ் ஏன் இப்படி? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: டிவியில் இணைத்து ஆடும் வீட்டு கன்சோலோடு ஒப்பிட்டால், கேம் கடையில் காசு போட்டு ஆடும் ஆர்க்கேட் கேம்களின் கிராஃபிக்ஸ் ஏன் சோடை போகிறது? ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். ஓரிரண்டு கிளைக் கேள்விகளும் உண்டு.

கேள்வி: மாலில் புதிதாக வைத்த கார் ரேஸ் மெஷினில் ஆடினேன். மரம், கட்டடம் எல்லாம் பத்து வருடப் பழைய கேம் போல இருக்கின்றன. என் பிளேஸ்டேஷன் 5-இல் இதைவிடப் பல மடங்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்யலாமா?

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்த மெஷின் உங்கள் மாலுக்குப் புதிது, அவ்வளவுதான். க்ரூஸ்'ன் பிளாஸ்ட் என்ற கார் ரேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆர்க்கேட்டில் வந்தது 2017-இல். 2021-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்துவிட்டது. ஆர்க்கேட் மெஷின் வாங்கும் முதலாளி அதைப் பல வருடம் ஓட்டிக் காசு எடுக்க வேண்டும். நீங்கள் போனை மாற்றுவது போல அவரால் மெஷினை மாற்ற முடியாது.

இன்னொன்று, உள்ளே இருப்பது என்ன என்பது. இன்றைய ஆர்க்கேட் மெஷின்கள் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இருப்பது ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரும் கடையில் கிடைக்கும் கிராஃபிக்ஸ் கார்டும்தான். கன்சோல் கதை வேறு. பிளேஸ்டேஷன் 2 மட்டும் 15 கோடிக்கு மேல் விற்றது. அவ்வளவு பெட்டி விற்கும் என்றால் தனக்கென்றே ஒரு சிப்பை வடிவமைத்து, பெட்டியில் லாபமே இல்லாமல் விற்று, கேம் விற்பனையில் ஈடுகட்டலாம். ஆர்க்கேட் மெஷினுக்கு அந்தச் சந்தை இல்லை. செலவின் பெரும்பகுதி சீட், ஸ்டியரிங், அசையும் மேடை, திரை, ஸ்பீக்கர் இவற்றுக்கே போய்விடுகிறது. உங்கள் காசும் அதற்குத்தான் போகிறது. திருவிழா ராட்டினத்தில் ஏறுபவர் அதன் பெயிண்டைப் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. ரேஸ் மெஷினும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான்.

கேள்வி: ஒரு காலத்தில் ஆர்க்கேட்தான் உசத்தி, வீட்டில் இருந்ததெல்லாம் மட்டமான நகல் என்கிறார் என் மாமா. உண்மையா, பழைய ஆட்களின் பெருமைப் பேச்சா?

மாமா சொல்வது உண்மை. சுமார் இருபது வருடம் நிலைமை அப்படித்தான் இருந்தது.

வீட்டுப் பெட்டியான அடாரி 2600-இல் இருந்த ரேம் வெறும் 128 பைட். கிலோபைட் அல்ல, பைட். 1982-இல் அதில் பேக்-மேன் வந்தபோது, ஆடுபவரைத் துரத்தும் நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் திரையில் காட்ட அந்த வன்பொருளால் முடியவில்லை. மாறி மாறி வரைந்தார்கள், பேய்கள் மினுங்கி மினுங்கித் தெரிந்தன. ஆர்க்கேட்டில் ஆடிப் பழகியவர்கள் நொந்துபோனார்கள். அடுத்த பத்து வருடத்தில் வீட்டுப் பெட்டிகள் நன்றாகவே முன்னேறின. ஆனால் ஆர்க்கேட் நிற்கவில்லை. 1985-இல் சேகாவின் ஹேங்-ஆன், அடுத்த வருடம் அவுட்ரன் என்று, படங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பாய்ச்சல் காட்டும் பலகைகள் (மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகள்) வந்தன. அதே வேகத்தை வீட்டில் காட்ட அன்றைய கன்சோல் எதனாலும் முடியவில்லை.

அந்த ஆர்க்கேட் தரத்தை வீட்டுக்கே கொண்டுவர முடியாதா என்று கேட்டவர்களுக்கு 1990-இல் எஸ்.என்.கே. என்ற ஜப்பானிய கேம் நிறுவனம் ஒரு வழி காட்டியது. நியோ ஜியோ என்ற கடைப் பலகையையே வீட்டுப் பெட்டியாக்கி விற்றது. அமெரிக்காவில் விலை சுமார் 650 டாலர், ஒவ்வொரு கேம் கார்ட்ரிஜும் தனியாக 200 டாலர் பக்கம். வாங்கியவர்கள் குறைவு, பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களே அதிகம்.

உச்சம் என்றால் 1994-ஐச் சொல்வேன். சேகாவின் டேடோனா யுஎஸ்ஏ என்ற கார் ரேஸ் உலகெங்கும் கடைகளுக்குப் பரவிய வருடம் அது. முப்பரிமாணக் கார்கள், அவற்றின் மேல் ஒட்டிய டெக்ஸ்ச்சர்கள் (மேற்பரப்புப் படங்கள்), நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம். டெக்ஸ்ச்சர் ஒட்டும் அந்தத் தொழில்நுட்பம் வந்த இடமே சுவாரஸ்யமானது: ராணுவ விமானிகளின் பயிற்சி சிமுலேட்டர்களைச் செய்த அமெரிக்க நிறுவனமான மார்ட்டின் மரியெட்டா. விமானப் பயிற்சிக்கு இருந்த கருவியைக் காசு போட்டு ஓட்டும் காருக்குள் வைத்தார்கள். அடுத்த வருடம் அதே டேடோனா, சேகாவின் சொந்தக் கன்சோலான சாட்டர்னுக்கு வந்தபோது நொடிக்கு 20 ஃப்ரேம்தான். தூரத்து மலைகளும் பாலங்களும் கிட்டே போனதும் திடீர் திடீரென்று முளைத்தன. செய்தது அதே கம்பெனி, கேமும் அதே கேம். இடைவெளி மட்டும் அவ்வளவு. 1996-இல் கடைக்கு வந்த விர்ச்சுவா ஃபைட்டர் 3 என்ற சண்டை கேமை சாட்டர்னுக்கும் கொண்டுவருவதாகச் சொன்னார்கள், கடைசிவரை வரவில்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரு வீட்டு கேமுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு, "கடையில் இருப்பது போலவே இருக்கிறது" என்பதாக இருந்தது.

கேள்வி: அப்படியென்றால் எந்த வருடம் இது தலைகீழானது?

ஒரே வருடம் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் 1999. சோல்காலிபர் என்ற சண்டை கேம் 1998-இல் ஆர்க்கேட்டில் வந்தபோது நாம்கோவின் சிஸ்டம் 12 பலகையில் ஓடியது. அந்தப் பலகையின் அடிப்படையே முதல் பிளேஸ்டேஷன்தான். மறு வருடம் சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்த வீட்டுப் பதிப்பு, கடையில் இருந்ததைவிடத் தெளிவாகவே அழகாக இருந்தது. கடைக்குப் போய் ஆடியவர்கள் வீட்டில் அதைவிட நல்ல படத்தைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் பழைய மரியாதை திரும்பவில்லை.

ஆனால் விதை அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. 1994-இல் டெக்கன் சண்டை கேமின் முதல் பாகம் ஓடிய சிஸ்டம் 11 பலகையிலேயே உள்ளே இருந்தது பிளேஸ்டேஷன் சமாச்சாரம்தான். மலிவாகக் கிடைக்கிறது, வீட்டுக்கு மாற்றுவதும் சுலபம். 1998-இல் சேகாவும் அதே வழிக்கு வந்தது: நவோமி என்ற ஆர்க்கேட் பலகையும் டிரீம்காஸ்ட் கன்சோலும் ஒரே குடும்பம், நவோமியில் நினைவகம் மட்டும் இரு மடங்கு. அப்புறம் கேம்கியூப் கன்சோலை வைத்து ட்ரைஃபோர்ஸ் பலகை, எக்ஸ்பாக்ஸை வைத்து சிஹிரோ, பிளேஸ்டேஷன் 2-ஐ வைத்து சிஸ்டம் 246 என்று வரிசையாக வந்தன. உள்ளே ஒரே சிப் இருக்கும்போது வெளியே எப்படி வித்தியாசம் தெரியும்?

சேகா 2005-இல் லிண்ட்பெர்க் என்ற பலகையோடு இன்னொரு முறை முட்டிப் பார்த்தது. பென்டியம் 4 பிராசசர், என்விடியா கார்டு. விர்ச்சுவா ஃபைட்டர் 5 அதில் 2006-இல் வந்து அசத்தியது. ஆனால் 2007-இலேயே பிளேஸ்டேஷன் 3-க்கும் வந்துவிட்டது. முன்பு பல வருடம் நீடித்த இடைவெளி சில மாதங்களாகச் சுருங்கிவிட்டது.

கேள்வி: நண்பன் "கிராஃபிக்ஸ் முக்கியமே இல்லை, ஃப்ரேம் ரேட்தான் எல்லாம்" என்கிறான். நான் படம் அழகாக இருக்க வேண்டும் என்கிறேன். தீர்ப்பு சொல்லுங்கள்.

ஆர்க்கேட்டைப் பொறுத்தவரை நண்பன் பக்கம்தான் சாய்வேன், "எல்லாம்" என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 17 மில்லிசெகண்ட். மேலே சொன்ன சாட்டர்ன் டேடோனாவில் அது 50. திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். சண்டை கேம்களில் இது இன்னும் மோசம். எதிராளி குத்துவதைப் பார்த்துத் தடுப்பதற்குள் அடி விழுந்திருக்கும். காசு போட்டு மூன்று நிமிடம் ஆடுபவருக்கு இந்த மாதிரித் தாமதம் பொறுக்காது. அதனால் ஆர்க்கேட் ஆட்கள் படத்தின் நுணுக்கத்தைக் குறைத்தாவது 60-ஐப் பிடித்துக்கொள்வார்கள். கன்சோல் கேம்கள் பல, அழகுக்காக 30-இல் ஓடுவதும் சகஜம். இப்போது "தரம்", "வேகம்" என்று இரண்டு தேர்வுகளை மெனுவிலேயே கொடுக்கிறார்கள். ஒருமுறை மாற்றிப் பாருங்கள், வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு அணைந்திருந்தால் இரண்டுமே வீண்.

கேள்வி: புதிய ஆர்க்கேட் மெஷின் எதிலாவது 4கே இருக்கிறதா?

இருக்கிறது. 2018-இல் வந்த ஹேலோ: ஃபயர்டீம் ரேவன் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து சுடும் மெஷின், 130 அங்குலத்தில் 4கே படம். அவ்வளவு கிட்டே உட்கார்ந்து அவ்வளவு பெரிய படத்தைப் பார்க்கும்போது பாலிகன் (முப்பரிமாண உருவங்களைக் கட்டும் பலகோணத் துண்டு) கணக்கெல்லாம் யாருக்கும் நினைவு வராது. ஜப்பானில் 2006-இல் வந்த குண்டம் என்ற ரோபோ சண்டை மெஷின் இதே தந்திரத்தை வேறு விதமாகச் செய்தது: ஆடுபவரைக் கூண்டுக்குள் அடைத்து, வளைந்த திரையால் சுற்றி மூடிவிடும். வீட்டுக் கூடத்தில் இதற்கெல்லாம் இடம் ஏது?

கேள்வி: போனில் இலவசமாகக் கிடைக்கும் கேமையே பெரிய திரையில் போட்டுக் காசு கேட்கிறார்கள். இதையும் நியாயப்படுத்துவீர்களா?

மாட்டேன். ஃப்ரூட் நிஞ்ஜா, க்ராஸி ரோடு போன்றவை பெரிய கேபினெட்டுகளாக வந்திருப்பதைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை டிக்கெட் மெஷின்கள். சிறுவர்கள் ஆடி, டிக்கெட் சேர்த்து, கவுண்டரில் பொம்மை வாங்குவதற்கானவை. ஏற்கெனவே தெரிந்த கேம் என்பதால் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, கடைக்காரருக்கு அது வசதி. ஆனால் விரலால் தொட்டு ஆட வடிவமைத்த ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. கிராஃபிக்ஸ் பற்றிக் கோபப்பட வேண்டுமானால் இங்கே பட்டுக்கொள்ளுங்கள், ரேஸ் மெஷின் பாவம்.

கேள்வி: பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-வை லேப்டாப்பில் எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டேன். சின்ன வயதில் கடையில் பார்த்தது இதைவிட நன்றாக இருந்ததாக ஞாபகம். ஞாபகம்தான் ஏமாற்றுகிறதா?

ஞாபகத்தைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பலகை அனுப்பிய படம் 384-க்கு 224 புள்ளிகள். கடையில் இருந்தது 4:3 விகித பிக்சர் டியூப் திரை. 384-ஐ 224-ஆல் வகுத்துப் பாருங்கள், 4:3-ஐவிட அகலமாக வரும். அதாவது படம் பக்கவாட்டில் சற்று ஒடுங்கித் தெரியும் என்று கணக்குப் போட்டே ஓவியர்கள் வரைந்தார்கள். எமுலேட்டரில் அப்படியே சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் அதில் சண்டை போடும் ரியூவும் கென்னும் பருத்துத் தெரிவார்கள். செட்டிங்ஸில் விகிதத்தை 4:3 ஆக்குங்கள். முழுத்திரைக்கு இழுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, பிக்சர் டியூப் ஒவ்வொரு புள்ளியையும் லேசாகக் கசியவிட்டு, வரிகளுக்கு நடுவே கருப்பு இடைவெளி விட்டுக் காட்டும். எல்சிடி திரை கத்தரியால் வெட்டியது போல ஓரங்களைக் காட்டிவிடுகிறது. எமுலேட்டரில் பிக்சர் டியூப் தோற்றத்தைப் போலிசெய்யும் சிஆர்டி ஷேடர் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். முழுதாக அதே மாதிரி வராது, ஆனால் பக்கத்தில் வரும். பேக்-மேன் போன்றவை நெடுக்காக நிறுத்திய திரைக்குச் செய்தவை. லேப்டாப்பில் அவை நடுவே ஒல்லியாக நிற்பதும் கோளாறு இல்லை.

கேள்வி: சின்னதாக ஒரு கேம் சென்டர் தொடங்கப் போகிறேன். நல்ல கிராஃபிக்ஸ் உள்ள விலை கூடிய மெஷின் ஒன்று வாங்குவதா, சுமாரானது இரண்டு வாங்குவதா?

ரேஸ் மெஷின் என்றால் சுமாரானது இரண்டு, ஆனால் ஒன்றோடொன்று இணைத்து ஆடக்கூடியதாக. டேடோனாவில் எட்டு மெஷின்கள்வரை இணைக்கலாம். அது இத்தனை வருடம் ஓடியதற்குப் படத்தைப் போலவே அதுவும் ஒரு காரணம். பக்கத்து சீட்டில் தம்பியோ ஆபீஸ் நண்பனோ உட்கார்ந்திருக்கும்போது மரத்தின் இலையை யாரும் எண்ணுவதில்லை. வாங்கான் மிட்நைட் ரேஸ் வரிசையையும் பாருங்கள். 2004-இல் எக்ஸ்பாக்ஸ் வழிப் பலகையில் தொடங்கியது, படத்தில் அது ஒருபோதும் முதலிடம் இல்லை. ஆனால் உங்கள் காரை ஒரு கார்டில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர், மலேசியா பக்கம் அந்தக் கார்டோடு விடாமல் வந்துகொண்டிருந்தவர்கள் நிறைய.

மிச்சப்படும் பணத்தில் ஸ்டியரிங், பெடல் உதிரிபாகங்களை வாங்கி வையுங்கள். தளர்ந்த பெடலை எந்த கிராஃபிக்ஸ் கார்டும் மறைக்காது.

கேள்வி: டெக்கன் 8 ஆர்க்கேட்டில் எப்போது வரும்? அங்கே படம் இன்னும் நன்றாக இருக்குமா?

டெக்கன் 7 முதலில் ஆர்க்கேட்டில் 2015-இல் வந்தது, வீட்டுக்கு 2017-இல். டெக்கன் 8 ஆர்க்கேட் பக்கமே போகாமல் 2024 ஜனவரியில் நேராக வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-உம் வீட்டுக்கு 2023 ஜூனில் வந்து, டிசம்பரில்தான் ஜப்பான் ஆர்க்கேட்டுகளுக்குப் போனது. படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், வீட்டிலேயே ஆடுங்கள்.