1,500 ரூபாய் பைனாகுலருக்கும் 30,000 ரூபாய் பைனாகுலருக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?

‘90x90’ என்று அச்சடித்த மலிவு டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கடைக்காரன் இல்லை, கமிஷனும் கிடையாது. வேலூர்க்காரன், ஏரிக்கரையில் பறவை பார்ப்பவன். ‘பணக்காரத் திமிர்’ என்று கமென்ட் போடப்போகிறவர்களுக்கு: என்னுடையதும் நடுத்தர விலை 8x42தான் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ.).

மார்கழியில் ஒரு சாயங்காலம், காவேரிப்பாக்கம் ஏரி. மாமா பையன் தன் 20x50ஐத் தூக்கிக்கொண்டு வந்து, “உன்னோடது வெறும் எட்டுதானேடா” என்றான். அவனுடையதில் கொக்கின் வெள்ளை இறகோரமெல்லாம் ஊதாக் கோடு. கை ஆட்டத்தில் கொக்கும் சேர்ந்து ஆடியது. என்னுடையதை வாங்கிப் பார்த்தான். அலகு நுனியில் தொங்கிய சொட்டுத் தண்ணீர்வரை தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். இருட்டும்வரை திருப்பியும் தரவில்லை.

42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. அவனுக்கு வெறும் 2.5. பொழுது சாய்ந்தால் படம் இருட்டத்தான் செய்யும். ஊதாக் கோட்டை அடக்க, நிறங்களை அதிகம் பிரித்துச் சிதறவிடாத ஈ.டி. கண்ணாடி வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் சுமார் 4% ஒளி வீணாகும். பத்துப் பரப்பைத் தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு காலி. அதனால்தான் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு. சிவப்பாக மின்னும் லென்ஸைக் கண்டால் ஓடிவிடுங்கள், படத்தில் பச்சை அடிக்கும்.

பைனாகுலருக்குள் படத்தை நிமிர்த்தும் கண்ணாடிக் கட்டைதான் பிரிசம். நேர்க்குழாய் மாதிரி இருக்கும் ரூஃப் பிரிசம் வகையில் இன்னொரு செலவு: ஒளி இரண்டாகப் பிரிந்து சேரும்போது நுணுக்கம் கலங்கும். அதைச் சரிசெய்யும் ஃபேஸ் பூச்சை ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது. குழாய் நேராக இல்லாமல் படிபோல் மடிந்திருக்கும் போரோ வகைக்கு அது தேவையே இல்லை. கையில் காசு குறைவென்றால் போரோ 8x40 போதும். கடையில் கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் வெளிச்ச வட்டத்தைப் பாருங்கள். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் பிரிசம் மட்டமானது.

முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பா? எங்கள் ஊர் மத்தியான வெயிலில் 60 மடங்கு வைத்தால் எவ்வளவு விலை கொடுத்ததானாலும் கானல்தான் பெரிதாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு வாருங்கள்.

அப்புறம், கேட்காத கேள்வி ஒன்று. வட ஆற்காடு காலத்திலிருந்து எங்கள் பெருமையாக இருந்த காவலூர் வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, 2019 வேலூர் மாவட்டப் பிரிவினையில் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது. காவேரிப்பாக்கம் ஏரி ராணிப்பேட்டைக்கு. வெயிலை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.