ஒரு வேட்டு, இரண்டு ஓசை

கேள்வி: அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில், பாதையோரப் புல்மேட்டிலிருந்தும் இரண்டாவதாக ஒருவர் சுட்டார் என்பதை ஒலிப்பதிவே நிரூபித்துவிட்டதாக நண்பர் வாதிடுகிறார். உண்மையா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நண்பர் 1979-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டார். 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் காவல்துறையின் வயர்லெஸ் பேச்சு, ஒலி பதியும் பிளாஸ்டிக் பெல்ட் ஒன்றில் பதிவானது. அப்போது காவலர் ஒருவரின் மைக் பொத்தான் சிக்கித் திறந்தே கிடந்ததால், மோட்டார் சைக்கிள் இரைச்சலோடு சில துடிப்புகளும் அதில் விழுந்திருந்தன. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவுக்காக 1978-இல் கென்னடி சுடப்பட்ட அதே சதுக்கத்தில் சுட்டுப் பார்த்து, எதிரொலி வரும் இடைவெளிகளை அத்துடிப்புகளோடு ஒப்பிட்ட வல்லுநர்கள், புல்மேட்டு வேட்டுக்கு 95 விழுக்காடு வாய்ப்பு என்றார்கள்; 1979 அறிக்கையில் குழுவும் அதை ஏற்றது. ஆனால் துடிப்புகள் விழுந்த அதே இடத்தில், வேறோர் அலைவரிசையில் ஷெரீஃப் இட்ட ஆணை மெல்லிதாகக் கசிந்திருப்பதை, ஓர் இதழோடு இணைப்பாக வந்த அப்பதிவின் இசைத்தட்டுப் பிரதியைக் கேட்ட ஒஹையோ டிரம்ஸ் கலைஞர் ஒருவர் கண்டுபிடித்தார். அந்த ஆணை, சுட்டு முடிந்து ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து இடப்பட்டது! நார்மன் ராம்சே தலைமையிலான தேசிய அறிவியல் கழகக் குழு 1982-இல் இதை ஏற்று, அத்துடிப்புகள் வேட்டுச் சத்தமே அல்ல என்றது. 2001-இல் எழுந்த மறுப்புக்கும் பதில் வந்துவிட்டது. என் வாக்கு 1982-க்கே.

கேள்வி: ஒருவரே சுட்டாலும் இரண்டு வெடிச் சத்தம் கேட்பது ஏன்?
– வாசகி, ஆம்பூர்

பதில்: ஒலியைவிட வேகமாகப் பாயும் தோட்டா, தன் அதிர்வலையைச் சாட்டை சொடுக்கியது போல் முதலில் காதில் அறையும், துப்பாக்கி வாயில் எழுந்த முழக்கம் பின்னால் வரும். தோட்டா 300 மீட்டர் கடந்து உங்களருகே பாய்ந்தால் இடைவெளி ஏறத்தாழ அரை நொடி. அந்த இடைவெளியிலிருந்தே தொலைவைக் கணக்கிடலாம் என்பதால், இரண்டு பேர் சுட்டார்கள் என்று பலரை நம்பவைக்கும் அதே இரட்டைச் சத்தம், ஒருவரே சுட்டார் என்பதற்கும் சான்றாகக்கூடும். எதிரொலியையும் தனியே கழிக்க வேண்டும்: வேலூர்க் கோட்டை மதிலிலிருந்து 50 மீட்டர் தள்ளி வெடி வைத்தால், அதன் எதிரொலி 0.3 நொடியில் திரும்பும். வெப்பமும் கணக்கில் வரும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலி, நம் அக்னி நட்சத்திரத்து 40 டிகிரியில் 355 மீட்டர் செல்லும்.

வெடிச் சத்தம் பதிவான காணொளியின் வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதி இந்தக் கணக்குக்கு உதவாது. பெருஞ்சத்தத்தைக் கைபேசியே அமுக்கிவிடும். மிச்சமிருக்கும் நுணுக்கத்தை அனுப்பும்போது நடக்கும் சுருக்கம் அழித்துவிடும். எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பையும், அவர் நின்ற இடத்தையும் கேட்டு வாங்குங்கள்.