உதட்டுப்பிளவு ஆபரேஷன்லயே குழந்தையோட மூக்கையும் முழுசா நேராக்கிட முடியாதா?

திருமங்கலத்துல இருந்து கேட்டிருக்கீங்க, ரெண்டு வாரக் குழந்தைக்கு இடது பக்கம் உதடும் அண்ணமும் (வாயோட மேல்பக்கம்) பிளந்திருக்கு, மூக்கு சப்பையா கோணலா இருக்கு, உதட்டை மூணு மாசத்துல தச்சிரலாம் ஆனா மூக்கை முழுசா சரி பண்றது வளந்த பிறகுதான்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு. டாக்டர் சொன்னது சரிதாங்க, தட்டிக்கழிக்கல. எங்க அக்கா பையனுக்கும் இதேதான், அதனால இதப்பத்தி நிறையக் கேட்டுப் படிச்சிருக்கேன்.

மூக்குக்கு நடுவுல ரெண்டு ஓட்டையையும் பிரிக்கிற சுவர் இருக்குல்ல, அதோட முன்பகுதி குருத்தெலும்பு. சின்ன வயசுல அது வளரும்போது மேல்தாடையை முன்னாடி தள்ளிக்கிட்டே வரும், நம்ம மதுரை மாசி வீதியில தேருக்குப் பின்னாடி கட்டை குடுத்து நெம்புவாங்களே அந்த மாதிரி. 1950கள்ல ஸ்காட்னு ஒருத்தர் இதச் சொன்னாரு, பின்னாடி மாஸ்ங்கிறவர் அப்படியில்ல, சுத்தியிருக்கிற தசையும் மூச்சும்தான் வளர்ச்சிக்குக் காரணம்னு மறுத்தாரு, அந்த விவாதம் இன்னும் முழுசா ஓயல. ஆனா குட்டி முயலுங்களுக்கு அந்தக் குருத்தெலும்பை வெட்டி எடுத்தப்ப மூஞ்சியே குட்டையாப் போச்சு. அதனாலதான் குழந்தைக்கு அந்த நடுச்சுவர்ல பெருசா கை வைக்கப் பயப்படுறாங்க. அண்ணத்தைத் தச்ச தழும்பே மேல்தாடை வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கும், இதுல குருத்தெலும்பையும் வெட்டிட்டா குழந்தைக்கு முகத்தோட நடுப்பகுதியே உள்வாங்கிரும்னு பயம்.

கோணல் ஏன் வருதுன்னா உதட்டுத் தசை பிளவுல அறுந்து கிடக்கு, நல்லா இருக்கிற பக்கத்துத் தசை மட்டும் சுவரோட அடிப்பகுதியைத் தன் பக்கமா இழுத்துரும், பிளவுப் பக்கத்து மூக்கு மடல் தட்டையாயிரும். மத்தபடி கிரகணத்தப்ப வெளிய வந்ததால இப்படின்னு உங்க வீட்டுல யாராச்சும் அந்தப் பொண்ணைச் சொன்னா தயவுசெஞ்சு அங்கேயே நிறுத்துங்க, பிள்ளையப் பெத்தவ மேல பழி போடாதீங்க.

அதுக்காக மூக்கை 17, 18 வயசு வரைக்கும் அப்படியே விட்டுருவாங்கன்னு நெனைக்காதீங்க. உதடு தைக்கும்போதே மடலைத் தூக்கி வச்சுத் தைக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க, சுவரோட அடிப்பகுதியை மட்டும் மெல்ல நடுவுக்கு நகத்துறவங்களும் உண்டு. அதுக்கு முன்னாடியே அண்ணத்துல ஒரு பிளேட் மாட்டி அதுல இருந்து சின்னக் கொக்கி மாதிரி மூக்குக்குள்ள குடுத்து மடலை மெதுவா நிமித்துவாங்க, வாரா வாரம் இல்லாட்டி ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ போகணும், அலைச்சல்தான், ஆனா எனக்குத் தெரிஞ்சு அலையுறதுக்குப் பலன் இருக்கு. தாயோட ஹார்மோன் உடம்புல இருக்கிற வரைக்கும் பச்சக்குழந்தை குருத்தெலும்பு இளசா வளையும்ங்கிறாங்க, அதனால முதல் ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது. உங்களுக்கு ரெண்டு வாரம் போயிருச்சு, இந்த வாரமே பிளவு சிகிச்சை பாக்குற டீம்ல இருக்கிற பல் டாக்டர்கிட்ட இந்தப் பிளேட்டைப் பத்திக் கேட்டுருங்க.