கொம்பு வைத்த மணல் பாம்பு நம் தோட்டத்திலும் இருக்குமா?

கொம்பு வைத்த பாம்பு மணலுக்குள் புதைவதைக் காணொளியில் பார்த்துவிட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்திலும் அது இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. கொம்பு விரியனின் ஊர் சகாராவும் அரேபியாவும்.

அது தலையால் குடைந்து இறங்குவதில்லை. விலா எலும்புகளை விரித்து, உடம்பைத் தட்டையாக்கி, பக்கவாட்டில் அசைந்து அசைந்து மணலை மேலே வாரிப் போட்டுக்கொள்ளும். விலாப்பக்கத்தில் சரிவாக இருக்கும் ரம்பப்பல் செதில்கள்தான் அதற்கு மண்வெட்டி. கடைசியில் கண்ணும் கொம்பும் மட்டும் வெளியே தெரியும். பல்லியோ எலியோ நெருங்கும்வரை அசையாது. மிரண்டால் உடம்பைச் சுருட்டி அதே செதில்களை உரசும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம். கொம்பே இல்லாதவையும் உண்டு.

நம் செம்பனையில் எலி தேடி வருவது துப்பும் நாகம். விஷம் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.