புது ஃபுல் ஃபிரேம் கேமராவோடு எதெல்லாம் வாங்க வேண்டும்? கேள்வி பதில்

ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய 35 மிமீ ஃபிலிம் அளவுக்கு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமரா வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இவற்றில் பாதிக்கு மேல் சோனி ஏ7 4 வாங்கியவர்களிடமிருந்து, அதிலும் கல்யாணம் எடுப்பவர்களிடமிருந்து வந்திருப்பதால் உதாரணமெல்லாம் அந்த கேமராவை வைத்தே சொல்கிறேன். கேனன், நிக்கான் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அண்ணா, பாடியும் லென்ஸும் வாங்கியதிலேயே கை காலி. மிச்சம் இருக்கிற கொஞ்சக் காசில் முதலில் எது?

கார்டு, அடுத்தது பேட்டரி. மற்ற எதுவும் அப்புறம்தான். உங்கள் கேமராவில் இரண்டு ஸ்லாட் இருக்கிறது, மெனுவில் போய் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி மாற்றிவிடுங்கள், ஏனென்றால் தாலி கட்டும் நேரத்தில் ஒரு கார்டு படுத்துக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? இரண்டும் ஒரே வேகமுள்ள கார்டாக இருக்கட்டும், ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால் கேமரா அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும். வாங்கியதும் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். 128 ஜிபி என்று ஒட்டியிருக்கும் போலி கார்டு அங்கேதான் மாட்டும்.

கார்டில் வி30 என்று போட்டிருந்தால் போதுமா, வி90 வாங்கச் சொல்கிறார்களே?

அந்த எண், விநாடிக்கு குறைந்தது இத்தனை மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்கிற உத்தரவாதம். வீடியோவுக்குச் சொல்வது மெகாபிட், அதை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 4கே 200 மெகாபிட் என்றால் 25 மெகாபைட், வி30 தாங்கும். 600 மெகாபிட்டில் எடுத்தால் 75 மெகாபைட் ஆகிறது, அப்போது வி90 வேண்டும். போட்டோ மட்டும் எடுப்பவருக்கு வி60 தாராளம், தொடர்ச்சியாக ரா படம் (சுருக்காமல் சென்சார் தரும் பெரிய ஃபைல்) தட்டும்போது சீக்கிரம் மூச்சு வாங்காது.

கம்பெனி பேட்டரி விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. வேறு பிராண்டு போடலாமா?

போடலாம், பெயர் தெரிந்த நிறுவனத்துடையதாக இருந்தால். ஆனால் முக்கியமான நேரத்தில் உள்ளே இருப்பது ஒரிஜினலாக இருக்கட்டும், மற்றது பையில் கிடக்கட்டும். இந்த கேமராவுக்கு ஒரு சார்ஜில் 500 சொச்சம் படம் என்று சோனியே சொல்கிறது, நடைமுறையில் கூடவும் வரும், ஆனால் வீடியோ எடுத்தால் மளமளவென்று இறங்கும். லேசாக உப்பியிருந்தாலும் அந்த பேட்டரியைத் தொடாதீர்கள். விமானத்தில் போனால் உதிரி பேட்டரி கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

கடைக்காரர் யூவி ஃபில்டர் கட்டாயம் என்கிறார்.

அவருக்குக் கட்டாயம்தான்! ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. இப்போது சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஹோமப் புகை, கும்பாபிஷேகத் தண்ணீர், கடற்கரை உப்புச்சாரல், இப்படி ஏதாவது லென்ஸ் மேல் படும் இடமென்றால் ஒரு நல்ல ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மலிவான ஃபில்டரைப் போட்டுக்கொண்டு குத்துவிளக்கையோ சீரியல் லைட்டையோ எடுத்தால் இல்லாத இடத்தில் இன்னொரு சுடர் மிதக்கும். லென்ஸோடு வந்த ஹூடை (முன்னால் மாட்டும் வளையம்) மாட்டுங்கள், இடித்தாலும் அது வாங்கிக்கொள்ளும், காசும் செலவில்லை.

அப்போ என்டி ஃபில்டரும் தண்டமா சார்?

என்டி என்பது உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. போட்டோவுக்கு அநேகமாக ஆமாம், தண்டம்தான். வீடியோவுக்கு இல்லை. 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 என்று வைப்போம், நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து டியூப்லைட் மினுக்காமல் இருக்கவும் அதுதான் வசதி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப் 2.8 என்றால் கணக்குப்படி ஷட்டர் 1/3200 பக்கம் போக வேண்டும். அதை 1/50-க்கு இறக்க ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்), அதாவது என்டி64. பிறகு நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதிவு செய்யும் லாக்கில் எடுத்தால் ஐஎஸ்ஓ 800-இல் தொடங்குவதால் இன்னும் மூன்று ஸ்டாப் சேரும். சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் வகை வசதியானது, ஆனால் கடைசி எல்லை வரை திருகினால் வானத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டை விழும். 82 மிமீ விட்டமுள்ள ஃபில்டர் ஒன்று வாங்கி, சின்ன லென்ஸுக்கெல்லாம் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளுங்கள், லென்ஸுக்கு ஒன்று என்று வாங்க வேண்டாம்.

தூத்துக்குடியில் இருக்கிறேன். பழைய லென்ஸில் ஃபங்கஸ் (பூஞ்சை) வந்துவிட்டது. புதியதை அரிசி டப்பாவில் வைக்கலாமா?

ஐயோ, அரிசி வேண்டாம். ஈரத்தை இழுப்பதை விட மாவுத்தூசியை லென்ஸுக்குள் அனுப்புவதில்தான் அது கெட்டி. கடலோரத்தில் இருப்பவர் ஃபில்டர், கிம்பல் (ஆட்டம் தெரியாமல் கேமராவைப் பிடிக்கும் கருவி) எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட்டுக்குக் காசு ஒதுக்க வேண்டும் என்பேன், உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். 30-க்குக் கீழே இறக்காதீர்கள், ரப்பருக்கு நல்லதில்லை. அவ்வளவு காசில்லையா, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் ஒரு சின்ன மீட்டர், சரி, இதிலேயே பல வருடம் ஓட்டலாம். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு, சமைக்கிற வாணலியில் வறுக்காதீர்கள். கேமராப் பையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்குப் போடும் விருந்து. பூஞ்சை பிடித்த லென்ஸைப் புதியதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

சென்சார் தூசிக்கு ஸ்பிரே கேன் வாங்கலாமா?

கூடாது, வாயாலும் ஊதக் கூடாது. ரப்பர் புளோயர் ஒன்று, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். கேமராவை அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும் அமைப்பு வைத்திருந்தால் அந்தத் திரையின் மேல் ஊதாதீர்கள், மெல்லிய தகடு அது. ஈரத் துடைப்பான் வாங்கினால் 24 மிமீ அகலம், 16 மிமீ இதைவிடச் சின்ன கிராப் சென்சாருக்கானது.

பழைய கேனன் பிளாஷை சோனியில் மாட்டலாமா?

மேனுவலில் எரியும், வெளிச்சத்தின் அளவை கேமராவே கணித்துக்கொள்ளும் டிடிஎல் வராது. ரொம்பப் பழைய பிளாஷ் என்றால் டிரிக்கர் வோல்டேஜ் (பிளாஷிலிருந்து கேமராவுக்கு வரும் மின்னழுத்தம்) எவ்வளவு என்று தெரியாமல் மாட்ட வேண்டாம்.

டிரைபாட், பை?

டிரைபாட் ஆர்க்கா பிளேட் (கேமராவை மாட்டிக் கழற்றும் பொது அளவுத் தகடு) உள்ளதாகப் பாருங்கள், நடுத்தண்டைத் தூக்காமலே கண் உயரத்துக்கு வர வேண்டும். பையை எல்லாம் வாங்கிய பிறகு, சாமான்களைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மழை உறை கூட இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், சில பைகளில் அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள்.