350 வி8 எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு மாற்றியபின் பின்பக்கம் எண்ணெய் கசிவது ஏன்?

உங்கள் 1969 கமாரோவின் செவர்லே 350 எஞ்சினில் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றும் எரிபொருளும் கொண்டுசெல்லும் பாகம்) மாட்டியதிலிருந்து பின்னால் எண்ணெய் வழிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம், கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) செட்டோடு, முன், பின் விளிம்புகளில் வைக்க வரும் கார்க் அல்லது ரப்பர் பட்டைதான். போல்ட்டை இறுக்க இறுக்க அது வழுக்கி வெளியே பிதுங்கிவிடும். அதைப் போடவே போடாதீர்கள்.

மேனிஃபோல்டைக் கழற்றும்முன் கூலன்டை வடித்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்) திரும்ப அதே நிலையில் மாட்ட, அதன் உள்ளே சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் முன், பின் விளிம்புகளில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாதபடி பிரேக் கிளீனரால் துடைத்து, சுமார் 6 மி.மீ. தடிமனில் ஆர்டிவி சிலிக்கான் (காற்றுப் பட்டால் ரப்பர்போல இறுகும் பசை) பூசுங்கள். நான்கு மூலைகளிலும் அது கேஸ்கெட்டின் மேல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். கசிவு தொடங்குவதே அங்கேதான். மேனிஃபோல்டை இருவர் பிடித்து நேராக இறக்குங்கள். உட்கார்ந்தபின் நகர்த்தினால் சிலிக்கான் அறுந்துவிடும், துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

12 போல்ட்டுகளின் மரைகளிலும் சீலன்ட் தடவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் இறுக்குங்கள். முறுக்கு அளவுக்கு மேனிஃபோல்டோடு வந்த தாளையே பின்பற்றுங்கள். சிலிக்கான் ஓரிரவு காயட்டும்.

ஒன்று மட்டும் பாருங்கள்: ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) 1987 அல்லது அதற்குப் பிந்தைய வார்ப்பிரும்பு ஹெட் என்றால் நடு போல்ட்டுகளின் கோணமே வேறு, பழைய மேனிஃபோல்டு அதில் சரியாக உட்காராது.