விசா விலக்கு: மாறும் விதிகள், மாட்டிக்கொள்ளும் இடங்கள் (கேள்வி பதில்)

கேள்வி: டிக்கெட் போட்டப்போ அந்த நாட்டுக்கு விசா வேண்டாம்னு இருந்தது. இப்போ மாறப்போகுதுன்னு செய்தி வருது. டிக்கெட் போட்ட நாளில் இருந்த விதி செல்லுமா, போய் இறங்குற நாளின் விதியா?

இறங்கும் நாளின் விதிதான். டிக்கெட் உங்களுக்கும் விமான நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். அதற்கும் இமிக்ரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை.

ஈரானைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 4 முதல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா விலக்கு தந்தது. சுற்றுலாவுக்கு மட்டும், விமானத்தில் வந்தால் மட்டும், அதிகபட்சம் 15 நாள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று நான்கு நிபந்தனைகள் கூடவே இருந்தன. வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி ஆட்களை வரவழைத்துக் கடத்தும் கும்பல்கள் இந்த வசதியைப் பயன்படுத்தியதால், 2025 நவம்பர் 22 முதல் விலக்கு நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து நாட்டுக்குள் நுழைய மட்டுமல்ல, வழியில் விமானம் மாறவும் விசா வேண்டும்.

அறிவிப்பைப் படிக்கும்போது தலைப்பை விட்டுவிட்டு, 'அமலுக்கு வரும் நாள்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த நாள் அந்த நாட்டுக் கடிகாரப்படி. 31-ஆம் தேதி இரவு ஏறி 1-ஆம் தேதி அதிகாலை இறங்கினால் உங்களுக்குப் புது விதி. இந்த ஓர் இரவு வித்தியாசத்தில்தான் பலர் சிக்குகிறார்கள்.

கேள்வி: சில விலக்குகளுக்குக் கெடு தேதி போட்டிருக்காங்களே. நான் உள்ளே இருக்கும்போது அது முடிஞ்சா?

மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1-இல் தொடங்கிய 30 நாள் விலக்கை நீட்டித்து, 2026 டிசம்பர் 31 என்று கெடு வைத்தது. சீனா பல நாடுகளுக்குத் தந்த 30 நாள் விலக்குக்கும் அதே தேதிதான். பொதுவாக இப்படிப்பட்ட தேதி 'அதற்குள் நுழைய வேண்டும்' என்பதைக் குறிக்கும். உள்ளே நுழைந்தபோது உங்களுக்குக் கொடுத்த நாட்களை அது பறிக்காது. முத்திரையில் எழுதிய தேதியை வாங்கிய உடனே கவுன்ட்டரிலேயே படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவது ஒரு நிமிட வேலை, வெளியே வந்துவிட்டால் அலைச்சல்.

கேள்வி: விசா விலக்கு, ஆன் அரைவல், ஈ-விசா, ஈடிஏ எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஆன் அரைவலும் ஈ-விசாவும் விசாதான், வாங்கும் இடம் மட்டும் வேறு. ஈடிஏ, எஸ்டா போன்றவை விசா இல்லை. விலக்கு பெற்றவரைப் புறப்படும் முன்பே சலித்துப் பார்க்கும் முன் அனுமதி அது. 'எங்களுக்குத்தான் விசாவே வேண்டாமே' என்று விண்ணப்பிக்காமல் விமான நிலையம் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு அங்கேதான் தெரியவருகிறது.

கட்டணமும் நிலையாக இல்லை. அமெரிக்க எஸ்டா 21 டாலராக இருந்து 2025 செப்டம்பர் 30-இல் 40 டாலர் ஆனது. பிரிட்டன் ஈடிஏ 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 ஆனது. இரண்டும் இரண்டு ஆண்டு செல்லும், ஆனால் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழைய அனுமதி காலி. கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வரும் பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை, இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். அமெரிக்கத் தளமென்றால் முகவரி 'டாட் கவ்' (.gov) என்று முடிய வேண்டும்.

கேள்வி: ஷெங்கனில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்கிறார்கள். ஆறு மாதம் முடிந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்கும், சரிதானே சார்?

சரியில்லை. எல்லோரும் செய்யும் தவறு இதுதான். 180 நாள் என்பது ஜனவரி–ஜூன் போல நிலையான பெட்டி இல்லை, நாளோடு நகரும் சட்டகம். நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அதற்குள் நீங்கள் தங்கியது 90-ஐத் தாண்டக் கூடாது. நுழைந்த நாளும் ஒரு நாள், வெளியேறிய நாளும் ஒரு நாள். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது முழு நாள்தான்.

2026-க்கு ஒரு கணக்கு போடுவோம். மார்ச் 10 முதல் ஏப்ரல் 8 வரை ஒரு பயணம்: 30 நாள். மே 1 முதல் மே 30 வரை இன்னொன்று: 30 நாள். இப்போது ஆகஸ்ட் 1-இல் மறுபடி போகிறீர்கள். அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் பிப்ரவரி 3-இல் நிற்கும். இரண்டு பயணமும் உள்ளே விழுகின்றன. 60 போய்விட்டது, மிச்சம் 30. ஆகஸ்ட் 30-இல் வெளியேறியாக வேண்டும்.

அதே பயணத்தைச் செப்டம்பர் 7-க்குத் தள்ளிப் போடுங்கள். அன்று அந்த 180 நாள் சட்டகம் மார்ச் 12-இல் தொடங்கும், மார்ச் 10-உம் 11-உம் ஏற்கெனவே வெளியே. அதன் பிறகு நீங்கள் தங்கத் தங்க, பழைய பயணங்களின் நாட்கள் பின்னால் உதிர்ந்துகொண்டே வரும். அக்டோபர் தொடக்கத்தில் முதல் பயணம் முழுக்க உதிர்ந்துவிடும், நவம்பர் இறுதிக்குள் இரண்டாவதும். எந்த நாளில் எண்ணினாலும் 90-ஐத் தாண்டாது. டிசம்பர் 5 வரை, முழு 90 நாள் இருக்கலாம். ஐந்து வாரம் பொறுத்ததற்கு 60 நாள் லாபம். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இலவசக் கணிப்பான் இருக்கிறது. ஆனால் ஒரு முறையாவது காகிதத்தில் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும்.

கேள்வி: அங்கேயே பக்கத்து நாட்டில் போய்க் காத்திருந்துவிட்டுத் திரும்பலாம் என்கிறார்களே?

ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடாக இருந்தால் சரி. முன்பு பலர் குரோஷியாவில் காத்திருப்பார்கள். அது 2023 ஜனவரி 1-இல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1-இல் முழுமையாக இணைந்தன. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். சைப்ரஸ், அயர்லாந்து கணக்கு இன்னும் தனிதான்.

கேள்வி: முத்திரை மங்கலாக இருந்தால் ஒரு நாள் கூடக் குறைய யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தக் காலம் முடிந்தது. 2025 அக்டோபர் 12 முதல் ஈஈஎஸ் என்ற நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையை ஷெங்கன் எல்லைகளில் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முத்திரைக்குப் பதில் முகப் படமும் நான்கு விரல் ரேகையும் எடுக்கிறார்கள். 12 வயதுக்குக் கீழ் ரேகை கிடையாது, படம் உண்டு. உங்கள் நாட்களைக் கணினியே எண்ணும். முதல் முறை பதிவுக்கு நேரம் பிடிக்கும், அதனால் ஷெங்கனில் விமானம் மாறி உள்ளே போகிறவர்கள் ஒன்றரை மணி நேர இடைவெளியெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கு அடுத்து வருவது எட்டியாஸ். விசா விலக்கு உள்ளவர்களுக்கான முன் அனுமதி. 20 யூரோ, மூன்று ஆண்டு. 18 வயதுக்குக் கீழும் 70-க்கு மேலும் கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பம் உண்டு. 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடக்கம் என்று அறிவித்திருக்கிறார்கள். அது திறக்கும் முன்பே 'எட்டியாஸ் எடுத்துத் தருகிறோம்' என்று பணம் கேட்டால் மோசடி.

கேள்வி: விலக்கு இருந்தும் செக்-இன் கவுன்ட்டரில் ஏற்ற மறுப்பது ஏன்?

ஏனென்றால் நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும், பல நாடுகளில் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். கவுன்ட்டரில் இருப்பவர் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்க்கிறார். உங்கள் குடியுரிமை, பாஸ்போர்ட் வகை, போகும் இடம், தங்கும் நாள் ஆகியவற்றைக் கொடுத்தால் அது என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு வேதம். அவரிடம் நாளிதழ்ச் செய்தியைக் காட்டிப் பயனில்லை. பல விமான நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே இந்தத் தேடலை வைத்திருக்கின்றன. டிக்கெட் போடும்போது ஒரு முறை, கிளம்ப மூன்று நாள் முன்பு ஒரு முறை பாருங்கள்.

அதிகம் திருப்பி அனுப்பப்படுவது இரண்டு காரணங்களால். ஒன்று, வெளியேறும் டிக்கெட் இல்லாதது. ஒருவழி டிக்கெட் வைத்திருந்தால், விலக்கு நாட்களுக்குள் வெளியேறும் டிக்கெட் ஒன்றைக் கேட்பார்கள். 30 நாள் விலக்குக்கு 31-ஆவது நாள் டிக்கெட் காட்டினால் அதுவும் மறுப்புதான். இரண்டாவது, பாஸ்போர்ட் ஆயுள். மலேசியா, இந்தோனேசியா போன்றவை இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் கேட்கும். ஷெங்கனில் வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம், அதோடு பாஸ்போர்ட் வழங்கிப் பத்து ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. ஜப்பானுக்குத் தங்கும் நாள்வரை இருந்தால் போதும்.

கேள்வி: விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறினால் எதுவும் வேண்டாம்தானே?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் வெறும் டிரான்சிட் என்ற வழியே கிடையாது. இரண்டு மணி நேரம் நின்றாலும் இமிக்ரேஷனைத் தாண்டியாக வேண்டும், எஸ்டா அல்லது விசா கட்டாயம். இன்னொரு பொறி: இரண்டு தனித்தனி டிக்கெட். முதல் விமானத்தின் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். அப்போது நீங்கள் டிரான்சிட் பயணியே இல்லை.

சீனாவின் 240 மணி நேர டிரான்சிட் விலக்கு தாராளமானது. ஆனால் பட்டியலில் உள்ள நாடுகளின் பாஸ்போர்ட்டுக்குத்தான், அதுவும் ஒரு நாட்டிலிருந்து வந்து வேறொரு நாட்டுக்குப் போனால்தான். வந்த நாட்டுக்கே திரும்பினால் செல்லாது, ஹாங்காங் வழியாகப் போனால் செல்லும். இறங்கிய மறுநாள் நள்ளிரவு பூஜ்ஜிய மணியிலிருந்து எண்ணுவார்கள். 5-ஆம் தேதி காலை இறங்கினால் 15-ஆம் தேதி முடியும்வரை இருக்கலாம்.

கேள்வி: 90 நாள் முடியும்போது எல்லை தாண்டி ஒரு நாள் போய்விட்டு வந்தால் புதிதாக 90 கிடைக்குமா அண்ணா?

அமெரிக்காவில் விசா விலக்கில் இருக்கும்போது கனடா, மெக்சிகோ, அருகிலுள்ள தீவுகளுக்குப் போய்வரும் நாட்களும் அதே 90-இல்தான் ஓடும். மற்ற இடங்களில் விதியில் தடை இல்லாவிட்டாலும், அடுத்தடுத்து முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அதிகாரி 'இங்கே குடியிருக்கிறீர்களா?' என்றுதான் கேட்பார். விலக்கு என்பது விண்ணப்பிப்பதிலிருந்து விலக்கு, கேள்வியிலிருந்து விலக்கு இல்லை.

கேள்வி: பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், குடும்பப் பெயர் கட்டம் காலி. ஆன்லைன் படிவம் இரண்டையும் கேட்கிறதே?

நம்மில் பலருக்கு இருக்கும் சிக்கல். நீங்களாகவே அப்பா பெயரைப் பிரித்துப் போடாதீர்கள். ஒவ்வொரு படிவத்தின் உதவிக் குறிப்பிலும் இதற்கென்று வழி சொல்லியிருப்பார்கள். எஸ்டாவில் ஒரே பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றதில் எஃப்.என்.யூ. (FNU, 'முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட வேண்டும். பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்ஜியத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் குழப்பினால் அனுமதி வேறு பாஸ்போர்ட்டுக்குப் போய்விடும், கட்டணம் திரும்பாது.

கேள்வி: வருகை அட்டையும் (இறங்கும் முன் பயணி நிரப்பும் விவரப் படிவம்) விசா விலக்கில் அடங்கிவிடுமா?

விலக்கு இருந்தாலும் தனியாக நிரப்ப வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள், இலவசம். பணம் கேட்கும் தளம் போலி.

கேள்வி: கடைசி நாளில் விமானம் ரத்தாகி ஒரு நாள் கூடிவிட்டால்?

காலம் முடியும் *முன்பே* இமிக்ரேஷனைத் தொடர்புகொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். அமெரிக்க விலக்கில் தங்கும் காலத்தை நீட்டிக்க வழி இல்லை. உண்மையான அவசரம் என்றால் வெளியேற 30 நாள்வரை அவகாசம் தரலாம். கேட்காமல் ஒரு நாள் ஓவர்ஸ்டே ஆனாலும் அடுத்த முறை முதல் விலக்கு கிடையாது, விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான். விமான நிறுவனத்திடம் ரத்துக் கடிதத்தை எழுத்தில் வாங்கி, மாற்று டிக்கெட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி மட்டும் போதாது. இனிமேல் டிக்கெட் போடும்போது கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கிளம்புவதாகப் போடுங்கள்.